பலகையில் ஏறாத பெயர்கள்



1912 ஏப்ரல் 10 அன்று மாலை, பிரான்சின் செர்பூர் துறைமுகத்தில் ஒரு குடும்பம் டைட்டானிக் கப்பலில் ஏறியது. கணவர் ஜோசப் லரோஷ், ஹைட்டி நாட்டுக் கறுப்பினத்தவர்; பிரான்சுக்குப் போய்ப் பொறியியல் படித்தவர். மனைவி ஜூலியட், பிரெஞ்சு வெள்ளையினப் பெண், அப்போது கர்ப்பிணி. கூடவே இரண்டு பெண் குழந்தைகள். படித்த படிப்புக்கேற்ற சம்பளம் லரோஷுக்குப் பிரான்சில் கிடைக்கவில்லை. நிறம் குறுக்கே நின்றது. சொந்த நாட்டுக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பினார். முதலில் வேறொரு கப்பலில்தான் இடம் எடுத்திருந்தார்கள். அந்தக் கப்பலில் குழந்தைகள் பெற்றோருடன் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பிள்ளைகளைத் தனியே விட மனமில்லாமல் டைட்டானிக்கின் இரண்டாம் வகுப்புக்குச் சீட்டை மாற்றிக்கொண்டார்கள். ஜூலியட்டும் குழந்தைகளும் பிழைத்தார்கள். லரோஷின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்த மகனுக்கு ஜூலியட் கணவரின் பெயரையே வைத்தார்.

டைட்டானிக் பற்றி உலகம் முழுக்க ஓடிய 1997ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இந்தக் குடும்பம் இல்லை. இல்லாமல் போனதற்கு யாரும் சதி செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்தக் கப்பலில் கறுப்பர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தால் அதுவே போதும்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட நூலின் முதல் கதை, டைட்டானிக்கைப் போலவே கட்டப்பட்ட ஒரு விடுதியில் நடக்கிறது. லிஸா என்ற கறுப்பினப் பெண் அங்கே பரிசுப்பொருள் கடையில் வேலை பார்க்கிறாள். விடுதியில் சிறுமிகளுக்குப் பிறந்தநாள் விருந்துகள் நடக்கும். இளவரசி வேடமிட்டுக் குழந்தைகளோடு விளையாட ஆட்களை வைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு லிஸாவை எடுப்பதில்லை. காரணம் கேட்டால், வரலாற்றுக்குப் பொருந்தாது என்கிறார்கள். மூழ்கிப்போன கப்பலின் பொம்மை வடிவத்தில் பிறந்தநாள் கேக் வெட்டலாம், அது பொருந்தும். கறுப்பு இளவரசி மட்டும் பொருந்தாது. கதையைப் படித்த பிறகுதான் நான் லரோஷைப் பற்றித் தேடிப் படித்தேன். வரலாற்றின் பெயரைச் சொல்லி லிஸாவைத் தள்ளி நிறுத்துகிறவர்களுக்கு அந்த வரலாறே தெரியாது.

நூலின் பெயர் 'தி ஆஃபீஸ் ஆஃப் ஹிஸ்டாரிகல் கரெக்‌ஷன்ஸ்'. வரலாற்றுத் திருத்த அலுவலகம் என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் டானியேல் எவன்ஸ். 1983இல் பிறந்த அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புனைவெழுத்து கற்பிக்கிறார். முதல் தொகுப்பு 2010இல் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2020 நவம்பரில் இந்த இரண்டாம் தொகுப்பு. ஆறு சிறுகதைகள், ஒரு குறுநாவல். குறுநாவலின் பெயரே நூலுக்கும். பத்தாண்டில் ஏழே படைப்புகளைத் தந்திருக்கிறார் என்பதை, வாரம் ஒரு கதை எழுதத் துடிக்கும் இளைய நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

இனம், வரலாறு, ஒட்டுறவு ஆகிய மூன்றையும் பற்றிய நூல் என்று இதை எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அப்படிச் சொன்னவுடன் நம் மனத்தில் ஒரு கட்டுரைத் தொகுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. எவன்ஸ் செய்திருப்பது வேறு. ஒரு தகவலைத் திருத்துவது ஒரு வேலை. ஒரு மனிதருக்கு அவருக்குரிய இடத்தைக் கொடுப்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நல்லெண்ணம் கொண்டவர்கள் நம்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும், அந்தத் தூரத்தை யார் கால் நோக நடக்கிறார்கள் என்பதையும்தான் இந்தக் கதைகள் காட்டுகின்றன. நடக்கிறவர்கள் பெரும்பாலும் யாரையாவது பறிகொடுத்த பெண்கள். லிஸாவின் அம்மா புற்றுநோயில் இறந்தவர்; அதே நோய் தனக்கும் வரலாம் என்ற மருத்துவக் கேள்வி லிஸாவின் தலைக்கு மேல் தொங்குகிறது. இளவரசியாக முடியாத அவமானமும் அம்மா இல்லாத வெறுமையும் ஒரே உடம்பில் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றுக்கு உருவகமாக்கிவிடுவது எழுத்தாளருக்குச் சுலபம். எவன்ஸ் அப்படிச் செய்யவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். துக்கத்துக்குத் துக்கத்தின் மரியாதை, அநீதிக்கு அநீதியின் கணக்கு.

தொகுப்பில் என்னை மிகவும் அலைக்கழித்த கதை 'பாய்ஸ் கோ டு ஜூபிட்டர்'. 2017இல் 'செவானி ரெவ்யூ' இதழில் வந்து, மறு ஆண்டு அமெரிக்கச் சிறந்த சிறுகதைகள் தொகுதியிலும் இடம்பெற்றது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

கிளேர் வெள்ளையின மாணவி. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறையில் வீட்டுக்குப் போனவள், கூட்டமைப்புக் கொடி அச்சிட்ட நீச்சலுடையைப் போட்டுக்கொள்கிறாள். அதுவும் சித்திக்கு எரிச்சலூட்டுவதற்காக. அப்போது பழகிக்கொண்டிருந்த பையன் அவளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிடுகிறான்.

அந்தக் கொடியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1861 முதல் 1865 வரை, அடிமைமுறையைக் காப்பாற்றுவதற்காகத் தனி நாடு கேட்டுப் போரிட்ட தென் மாநிலங்களின் படைக்கொடி அது. தோற்றுப்போன கொடி. அந்தப் போரின் நூற்றாண்டை ஒட்டி 1961இல் தென் கரோலினா அரசு தன் சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் அதை ஏற்றியது. கறுப்பின மக்கள் குடிமை உரிமைகளுக்காகத் தெருவில் இறங்கியிருந்த காலம் அது. 2015 ஜூன் 17 அன்று அந்த மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்துத் தேவாலயத்தில் பைபிள் வாசிப்புக்காகக் கூடியிருந்த ஒன்பது கறுப்பினத்தவரை ஒரு வெள்ளையின வெறியன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகுதான், அந்த ஜூலை 10 அன்று, சட்டமன்ற வளாகத்தை விட்டுக் கொடி இறங்கியது. ஒரு துணியை இறக்க ஒன்பது உயிர் போக வேண்டியிருந்தது.

கிளேருக்கு இதெல்லாம் பொருட்டாகவே இல்லை. விடுதியில் எதிர் அறையில் இருக்கும் கார்மென் என்ற கறுப்பின மாணவி படத்தைப் பார்த்துக் கோபப்படுகிறாள், படம் பரவுகிறது. வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே அடங்கியிருக்கக்கூடிய விஷயம். கிளேர் அதே கொடியின் படத்தை எடுத்துக் கார்மெனின் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். அங்கிருந்து எல்லாம் கைமீறிப் போகிறது. கல்லூரி நிர்வாகம், பேச்சுரிமை பேசும் மாணவர் குழு, செய்தியாளர்கள், முகம் தெரியாத ஆதரவாளர்கள் என்று ஒரு படையே அவளைச் சுற்றிக்கொள்கிறது.

இதுவரைக்கும் செய்தித்தாளில் படிக்கிற சங்கதிதான். கதை இதற்கு அடியில் இருக்கிறது. கிளேரின் சிறுவயதில் பக்கத்து வீட்டில் ஏஞ்சலா என்ற கறுப்பினத் தோழி இருந்தாள். அவளுக்கு ஆரன் என்று ஓர் அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி இல்லாத மாதிரி வளர்ந்த பிள்ளைகள். இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே காலத்தில் புற்றுநோய் வருகிறது. ஏஞ்சலாவின் அம்மா பிழைத்துக்கொள்கிறார். கிளேரின் அம்மா இறந்துபோகிறார். அந்தக் கணத்தில் கிளேருக்குள் ஏதோ ஒன்று கசந்து திரிகிறது. பிறகு ஒருநாள் விருந்தொன்றில் அவள் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறாள். பத்திரமாக வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று ஆரன் அவளைக் காரில் ஏற்றுகிறான். போதையில் இருக்கும் வெள்ளைப் பெண்ணை ஒரு கறுப்பன் கடத்திக்கொண்டு போகிறான் என்று சில வெள்ளைப் பையன்கள் பின்னால் துரத்துகிறார்கள். கார் விபத்துக்குள்ளாகிறது. ஆரன் சாகிறான். கிளேர் பிழைக்கிறாள்.

எவன்ஸ் இந்தக் கதையைச் சொல்லத் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள். ஏஞ்சலாவின் மனத்துக்குள் நின்று சொல்லியிருந்தால் நாம் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். கார்மெனின் பக்கம் நின்றிருந்தால் நியாயத்தின் பக்கம் நின்ற திருப்தி கிடைத்திருக்கும். எவன்ஸ் நம்மைக் கிளேரின் தோளுக்குப் பின்னாலேயே நிறுத்திவைக்கிறார். அவளுடைய துக்கம் உண்மையானது. அம்மாவை இழந்த பெண்ணின் தனிமையை அவ்வளவு நெருங்கிப் பார்த்த பிறகு அவளை வெறுக்க முடியவில்லை. ஆனால் அந்தத் துக்கம் அவளுக்கு ஒரு சீட்டைப் போலப் பயன்படுகிறது: நான் இழந்தவள், ஆகவே நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆரன் இறந்ததில் தன் பங்கு என்ன என்று கேட்டுக்கொள்ளும் கதவை அவள் திறப்பதே இல்லை. கதை முடியும் கட்டத்தில், கல்லூரி கூட்டிய பொதுக்கூட்டத்தில் அவள் பேசும் தருணம் வருகிறது. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எப்படிப்பட்டவளாக வேண்டுமானாலும் தன்னைக் காட்டிக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் ஆரனுக்கு ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை. எவன்ஸ் அங்கேயே நிறுத்திவிடுகிறார். இன்னும் ஒரு பத்தி எழுதியிருந்தால் கிளேர் திருந்தியிருப்பாள், அல்லது கெட்டுப்போயிருப்பாள். இரண்டில் எது நடந்தாலும் நாம் அவளிடமிருந்து விடுபட்டிருப்போம்.

கதை வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மிசிசிப்பியில் 1955 ஆகஸ்டில் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில், வெள்ளைப் பெண்ணிடம் வம்பு செய்ததாகச் சொல்லிக் கொல்லப்பட்டதை உங்களில் பலர் அறிவீர்கள். கொன்றவர்களை, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கலந்து பேசி விடுவித்தது. விடுதலையான இருவரும் மறு ஆண்டு ஜனவரியில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவனுடைய உடல் தல்லாஹச்சி ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்க 2008 வரை ஆயிற்று. அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டார்கள். அடுத்த பலகையைக் குண்டுகளால் சல்லடையாக்கினார்கள். மூன்றாவது பலகை 2018இல் நட்டு 35 நாள்தான் தாங்கியது. 2019 ஜூலையில், மிசிசிப்பி பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் குண்டு துளைத்த அந்தப் பலகைக்கு முன்னால் துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வெளிவந்தது. அவர்களில் ஒருவரே சமூக ஊடகத்தில் போட்ட படம். அந்த அக்டோபரில் நான்காவது பலகை வந்தது. குண்டு துளைக்காத எஃகு; எடை 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கும் மேல்.

ஒரு சிறுவன் இங்கே கொல்லப்பட்டுக் கிடந்தான் என்று சொல்லும் பலகைக்குக் கவசம் வேண்டியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு குறுநாவலுக்கு வரலாம். அதற்கு முன் நடுவிலுள்ள கதைகளை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன்.

'அல்காட்ரஸ்' அவற்றில் மேலானது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அந்தத் தீவு 1934இல்தான் மத்திய அரசின் சிறையாயிற்று. அதற்கு முன் ராணுவச் சிறை. கதைசொல்லியின் கொள்ளுத்தாத்தா ராணுவத்தில் இருந்தபோது செய்யாத கொலைக்காக அங்கே அடைக்கப்பட்டவர். பிறகு விடுவிக்கப்பட்டாலும் பதிவேட்டில் விழுந்த கறை போகவில்லை. கதைசொல்லியின் அம்மா, தாத்தாவின் பெயரைத் துடைப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்; அரசு தரவேண்டிய பாக்கியைக் காசு சுத்தமாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார். குடும்பத்தின் ஒரு கிளை வெள்ளை, ஒரு கிளை கறுப்பு. பல்லாண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. மகள் இரண்டு கிளையையும் அந்தத் தீவுக்குப் போகும் சுற்றுலாப் படகில் ஏற்றிச் சந்திக்க வைக்கிறாள். நம் ஊரில் பாகப்பிரிவினையால் முகம் முறித்துக்கொண்ட பங்காளிகள் ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அந்தப் பகல். எல்லோரும் நல்லவர்களாகவே நடந்துகொள்கிறார்கள். அந்த நல்ல நடத்தைதான் தாங்க முடியாததாக இருக்கிறது. அரசாங்கம் நாளைக்கே மன்னிப்புக் கடிதம் அனுப்பினாலும், ஒரு குழந்தையை நிறத்தைக் காட்டி ஒதுக்கிய சொந்தக்காரர்களின் மௌனத்தை எந்தக் கடிதம் திருத்தும்?

பேருந்தில் தன்னிடம் விட்டுச் செல்லப்பட்ட குழந்தையைத் தன் பிள்ளையாகவே வளர்த்து, அவனைத் தேடும் குடும்பம் ஒன்று இருப்பதைப் பிறகு தெரிந்துகொள்ளும் பெண்ணின் கதையும் கைவிட முடியாதது. வானவில் நிறங்களில் தோழிகள் உடுத்தும் கல்யாணக் கதையும், புகழ்பெற்ற ஓவியர் தான் தீங்கிழைத்த பெண்களிடம் வரிசையாக மன்னிப்புக் கேட்கும் கதையும் என்னை அந்த அளவுக்குத் தொடவில்லை. பிந்தையது கூர்மையான கதைதான், ஆனால் அதன் கூர்மை தெரிந்தபடியே இருக்கிறது.

குறுநாவலில் ஒரு கற்பனை அரசு நிறுவனம் வருகிறது. பொது வரலாற்றுக்கான நிறுவனம், தலைமையிடம் வாஷிங்டன். அதன் பணியாளர்கள் ஊரெல்லாம் சுற்றி, பலகைகளிலும் அறிவிப்புகளிலும் விளம்பரங்களிலும் உள்ள வரலாற்றுப் பிழைகளைத் திருத்துகிறார்கள். சண்டை போடுவதில்லை, உரை நிகழ்த்துவதில்லை. பிழைக்குப் பக்கத்தில் சரியான தகவலைச் சின்னதாக அச்சிட்டு ஒட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கேஸி அங்கே வேலை பார்க்கும் கறுப்பினப் பெண். பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். தொடக்கத்தில் ஒரு பேக்கரியில் ஜூன்டீன்த் பண்டிகைக் கேக்குக்கான அறிவிப்பைத் திருத்துகிறாள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஒரு ராணுவத் தளபதி வந்து, நீங்கள் விடுதலையாகிவிட்டீர்கள் என்று அடிமைகளுக்கு அறிவித்தது 1865 ஜூன் 19. இரண்டரை ஆண்டு இடைவெளி. அந்தப் பண்டிகையே ஒரு தாமதமான திருத்தத்தின் பண்டிகை. கேஸி மென்மையாகப் பேசி, ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு வெளியே வருகிறாள். படிக்கும் நமக்கு இது இனிய வேலையாகத் தெரிகிறது.

பிறகு அவளை விஸ்கான்சின் மாநிலத்தில் செர்ரி மில் என்ற ஊருக்கு அனுப்புகிறார்கள். ஊர் கற்பனை. ஆனால் அப்படிப்பட்ட ஊர்கள் கற்பனை அல்ல. கறுப்பர்கள் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்ற எழுதிய, எழுதாத கட்டளைகளோடு இயங்கிய ஊர்களைப் பற்றி ஜேம்ஸ் லோவென் 2005இல் ஒரு பெரிய நூல் எழுதினார். தன் சொந்த மாநிலமான இல்லினாயில் பத்து ஊர்கள் தேறலாம் என்று நினைத்துத் தேடத் தொடங்கியவருக்கு நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தெற்கைவிட வடக்கிலும் மத்திய மேற்கிலும்தான் இவை அதிகம். தெற்கின் கொடுமைக்குத் தப்பி 1910க்கும் 1970க்கும் இடையில் வடக்கு நோக்கிப் போன கறுப்பின மக்கள் ஏறத்தாழ அறுபது லட்சம் பேர். எவன்ஸ் படைத்த ஜோசையா வின்ஸ்லோ அப்படி வந்த ஒருவன். செர்ரி மில்லில் ஒரு கட்டடம் வாங்கிக் கடை வைக்கிறான். 1937இல் ஊரார் கடைக்குத் தீ வைக்கிறார்கள்.

அவன் நினைவாக அங்கே ஒரு பலகை இருக்கிறது. நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்து நீக்கப்பட்ட ஜெனி அதைத் திருத்தியிருக்கிறாள். தீ வைத்தவர்களின் பெயர்களைப் பலகையில் சேர்த்துவிட்டாள். ஊரில் அந்தப் பெயர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். புகார் போகிறது. நிலைமையைச் சரிசெய்யக் கேஸி வருகிறாள். ஜெனியும் கேஸியும் சிறுவயதிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் ஒன்றாகப் படித்த கறுப்புப் பெண்கள். ஒரே இடத்துக்கு இருவர் போட்டியிட வேண்டும் என்று பிறர் தீர்மானித்துவிட்ட இருவர்.

இந்த இரண்டு பெண்களுக்கும் இடையிலான வாதம்தான் நூலின் உயிர். பலகைகள் எழுதப்படும் விதத்தைக் கவனியுங்கள்: இன்னார் கொல்லப்பட்டார், கடை எரிக்கப்பட்டது. எல்லாமே செயப்பாட்டு வினை. கொன்றவர் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. கேஸியின் நிறுவனம் கேட்கும் கண்ணியமும் இதுதான்: தகவல் சரியாக இருக்கட்டும், யார் மனமும் புண்பட வேண்டாம். ஜெனிக்கு அது போதவில்லை. எரிந்தவனின் பெயரை எழுதி எரித்தவனின் பெயரை விட்டுவிட்டால் பாதித் திருத்தம்தான், பாதித் திருத்தம் பொய்யின் இன்னொரு வடிவம் என்பது அவள் கட்சி. முதல் வாசிப்பில் நான் முழுக்க ஜெனியின் பக்கம் இருந்தேன். மறுபடி படித்தபோது கேஸியின் தயக்கத்தில் இருக்கும் அறிவும் புரிந்தது. திருத்தும் பலகையைச் சுடுகிறவர்கள் பலகையோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மென்மையாகப் பேசுவது அவளுக்குக் கோழைத்தனம் அல்ல, உயிரோடு வேலை செய்ய அவள் கற்றுக்கொண்ட முறை. எவன்ஸ் இருவரில் ஒருவரையும் தோற்கடிக்கவில்லை.

இந்த நூல் வெளிவந்த அதே 2020 நவம்பரில், இரண்டாம் தேதி, அமெரிக்க அதிபர் தேசப்பற்றுக் கல்விக்காக '1776 ஆணையம்' அமைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். அடிமைமுறையை நாட்டு வரலாற்றின் மையத்தில் வைத்த '1619 திட்டம்' 2019இல் நியூயார்க் டைம்ஸில் வந்ததற்கு அரசு கொடுத்த பதில் அது. அடுத்த அதிபர் பதவியேற்ற அன்றே ஆணையத்தைக் கலைத்தார். 2025இல் அது திரும்பி வந்தது. அந்த ஆண்டு மார்ச் 27 அன்று இன்னோர் உத்தரவும் வந்தது. அதன் தொடர்ச்சியாகத் தேசியப் பூங்காக்களில் புதிய அறிவிப்புகள் வைத்தார்கள். அமெரிக்கர்களைக் குறைத்துக் காட்டும் வாசகங்கள் இங்கே இருந்தால் இந்தக் க்யூஆர் கோடு மூலம் தெரிவியுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்கும் அறிவிப்புகள். எவன்ஸின் கற்பனை அலுவலகம் உண்மையாகவே திறக்கப்பட்டுவிட்டது, எதிர்த்திசையில். பிழையைத் திருத்த ஒட்டுத்தாள் ஒட்டிய கேஸிக்கு எதிரே, உண்மையை நீக்கக் கைப்பேசியை நீட்டும் பார்வையாளர்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். இதையெல்லாம் நம் சாதியோடு வைத்துப் பார்க்கலாமே என்று. பார்க்கலாம், பார்க்கப்பட்டும் இருக்கிறது. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமுக்கு அருகிலேயே இருக்கிறது. 1946இல் அவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் நகலைக் கேட்டார். டூ பாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்ஸ் தன் பெயரை அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்திடமிருந்தே எடுத்துக்கொண்டது. இந்தப் பாலம் கற்பனை அல்ல, நடந்து தேய்ந்த பாலம். ஆனாலும் ஒரு வேண்டுகோள். கிளேரைப் படித்த உடனே, இவள் நம் ஊரில் இன்ன சாதிக்காரி என்று பெயர் மாற்றிவிடாதீர்கள். அவசரமாக ஒப்பிட்டால் கிளேரும் நம் கையைவிட்டுப் போவாள், நம் ஊர்க் கதையும் நமக்குப் பிடிபடாது. ஆரன் செத்த சாலை வர்ஜீனியாவின் சாலை. வெள்ளைப் பெண்ணைக் காக்கிறோம் என்று ஓடிவரும் அந்தப் பையன்களுக்குப் பின்னால் எம்மெட் டில்லைக் கொன்றவர்கள் நிற்கிறார்கள். அந்தச் சாலையில் முதலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நம் ஊர் எப்படியும் நினைவுக்கு வரும், அது தானாக வரட்டும்.

குறுநாவலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது வாசிப்புக்கு நேர்மையாகாது. ஜோசையாவுக்கு மினர்வா என்று ஒரு சகோதரி. வெளிர் நிறத்தவள், வெள்ளைக்காரியாகவே தன்னைக் காட்டிக்கொண்டு வாழப் போனவள். கதையில் வரும் வெள்ளையின வெறிக் குழுவின் தலைவனுடைய வம்சம் அவளிடம் போய் முட்டுகிறது. கறுப்பர்களை விரட்ட வந்தவனின் நரம்பில் கறுப்பு ரத்தம். ஏழு படைப்புகளிலும் சொல்லாமல் விடும் கலையில் இவ்வளவு தேர்ந்த எழுத்தாளர், இந்த ஓரிடத்தில் மட்டும் கதையின் முடிச்சை இத்தனை இறுக்கிப் போட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நடக்காத ஒன்றை அவர் எழுதிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். வர்ஜீனியா மாநிலம் 1924இல் ஒரு சட்டம் போட்டது. துளியும் கறுப்பினக் கலப்பில்லாதவர் மட்டுமே வெள்ளையர், அவர்கள் வெள்ளையரைத்தான் மணக்கலாம் என்று. அந்தத் திருமணத் தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967இல். இப்படிப்பட்ட சட்டங்களின் நிழலில், நிறம் இடம் கொடுத்தவர்கள் கோடு தாண்டி வெள்ளையர்களாக வாழப் போனது பரவலாக நடந்தது. நெல்லா லார்சன் 1929இலேயே இதை வைத்து ஒரு நாவல் எழுதினார். கோட்டைத் தாண்டியவர்கள் அம்மாவின் சாவுக்கு வர முடியாது, தம்பியைத் தெருவில் பார்த்தால் தெரியாதவரைப் போலக் கடந்துபோக வேண்டும். முடிச்சு இறுக்கமாக இருக்கிறது என்று குறை சொன்ன நானே, மினர்வாவிடம் வரும்போது பேச்சற்றுப் போகிறேன். ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ள அவள் கொடுத்தது தன் உடன்பிறந்தவனை. அந்த ஊர் அவளை ஏற்றுக்கொண்டது. அதே ஊர்தான் அவன் கடைக்குத் தீ வைத்தது.

இனி ஜெனி எழுதிய பலகையைத் திரும்பவும் பாருங்கள். எரிந்தவனின் பெயர் ஒரு பக்கம், எரித்தவர்களின் பெயர்கள் ஒரு பக்கம். மினர்வாவை எந்தப் பக்கம் எழுதுவது? கேஸியும் ஜெனியும் கடைசிப் பக்கங்களில் இந்தக் கேள்வியோடுதான் அந்த ஊரில் நிற்கிறார்கள். துப்பாக்கியோடு ஒருவன் எதிரே வரும்போதும் அதற்கு உரக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பிறகு நடப்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. நூலை வாங்கிப் படியுங்கள்.